நிலத்தடி எண்ணெயும் ஊர்க் கிணறும்

(வடலூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள நெய்வேலியில், சென்ற நூற்றாண்டின் முப்பதுகளில், தம் நிலத்தில் நீருக்காகக் குழாய்க் கிணறு இறக்கிய ஜம்புலிங்க முதலியார் அவர்கள், தண்ணீரோடு கலந்து மேலே வந்த கரிய பொருளைக் கண்டு, அதை ஏதோ சேறு என்று ஒதுக்கிவிடாமல் அரசாங்கத்தின் பார்வைக்குக் கொண்டுபோனார் என்பதும், அந்தக் கவனத்திலிருந்து கிளைத்த ஆராய்ச்சிகளின் பயனாகவே 1956-ஆம் ஆண்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது என்பதும் இந்தச் சபையில் உள்ளவர்களுக்கு நான் எடுத்துச் சொல்லவேண்டிய செய்திகள் அல்ல. கிணற்று நீரில் கரிய பொருள் வந்தது நமக்கு ஐசுவரியமாக முடிந்தது. கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், நம்மைப் போலவே தமிழ் பேசி, நம்மைப் போலவே கிணற்றை நம்பி வாழும் மக்களுக்கு, கிணற்று நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தது பெருந்துன்பமாக முடிந்தது. பழுப்பு நிலக்கரியைப் பற்றிய செய்தியைக் கிணறு வந்து சொல்லும் வரையில் காத்திருந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. எண்ணெயைப் பற்றிய செய்தியைக் கிணறு வந்து சொல்லும் வரையில் காத்திருப்பதோ ஓர் ஊரின் குடிநீரை இழக்கத் துணிவதாகும் என்பதே இன்று உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்து.

பெட்ரோலையும் டீசலையும் பூமிக்குள் புதைத்து வைப்பது ஏன் என்ற கேள்விக்கு விடை எளிது. மேலே வைத்தால் வெயிலில் சூடேறி ஆவியாகும். ஒரு பொறி பட்டால் ஊரே எரியும். ஆகையால் பெட்ரோல் பங்குகளில் ஒவ்வொன்றும் 20 ஆயிரம் லிட்டர் அளவு கொள்ளக்கூடிய எஃகு டாங்கிகளை மண்ணுக்குள் இறக்கி, மேலே தளம் போட்டுவிடுகிறார்கள். 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும், அதன் கீழ் எழுந்த விதிகளும், உரிமம் வழங்கும் அதிகாரிகளும் நெருப்பைப் பற்றிய அச்சத்தையே முதன்மையாகக் கொண்டு செயற்பட்டார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் நெருப்பிலிருந்து மனிதனைக் காப்பாற்ற எண்ணெயை மண்ணுக்குள் மறைத்தபோது, மண்ணையும் அதனுள் இருக்கும் நீரையும் எண்ணெயிலிருந்து காப்பாற்றுவது யார் என்ற கேள்வி நெடுங்காலம் எழவேயில்லை. ஈரமும் உப்பும் சேர்ந்த மண்ணில் எஃகு துருப்பிடிக்கிறது. அதைவிட அதிகமாக, டாங்கியையும் பம்பையும் இணைக்கின்ற குழாய்களின் மூட்டுகள் தளர்கின்றன. அமெரிக்க நாட்டின் விதிகள், டாங்கியைச் சோதிக்கும் முறை மணிக்கு ஏறக்குறைய 0.38 லிட்டர் கசிவையாவது கண்டுபிடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று விதிக்கின்றன. அற்பமாகத் தோன்றும் அந்த அளவு நிற்காமல் கசிந்தால் ஆண்டுக்கு 3,300 லிட்டர் ஆகிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான லிட்டர் விற்கும் இடத்தில், வெயிலுக்கு விரிவதும் குளிருக்குச் சுருங்குவதும் அளவில் நேரும் சிறு பிழைகளும் சேர்ந்து இந்த நஷ்டத்தைக் கணக்குக்குள்ளேயே மூடிவிடும்.

கசிந்த எண்ணெய் என்ன ஆகிறது? முதலில் அது ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு நேராகக் கீழே இறங்குகிறது. இறங்கும் வழியில் மண் துகள்களுக்கிடையே ஒரு பகுதியை விட்டுச் செல்கிறது. மற்றொரு பகுதி ஆவியாகி மேலெழுந்து, சில வேளைகளில் வீட்டு அடித்தளங்களுக்குள்ளும் சாக்கடைகளுக்குள்ளும் புகுகிறது. நிலத்தடி நீரின் மட்டத்தை அடைந்ததும், நீரைவிட இலேசானதாகையால் அதன்மேல் மிதந்து பக்கவாட்டில் பரவுகிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது எண்ணெயும் ஏறி, கோடையில் இறங்கும்போது தானும் இறங்கி, இடைப்பட்ட மண் முழுவதிலும் தன்னைப் பூசிவிடுகிறது. ஐப்பசி கார்த்திகையில் பெய்து பங்குனி சித்திரையில் வறளும் நம் பூமியில் இந்த ஏற்றமும் இறக்கமும் எவ்வளவு என்று உங்கள் கிணற்றுப் படிகளே சொல்லும். கண்ணுக்குத் தெரிகின்ற இந்த மிதவையைக் காட்டிலும் அபாயமானது கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கரைந்து செல்லும் பகுதி. அதில் முதன்மையானது பென்சீன். இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள் என்று ஐயமின்றி நிறுவப்பட்டது அது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நம் நாட்டில் இப்போது விற்கும் பெட்ரோலில் அது நூற்றுக்கு ஒரு பங்குவரை இருக்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் அந்த உச்ச அளவு பென்சீன் இருந்தால், அது 8 லட்சம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதுமானது. நாக்கு கண்டுபிடித்துவிடும் என்று நம்பவும் வழியில்லை. பென்சீனின் சுவை நீரில் புலப்படத் தொடங்கும் அளவு இந்த வரம்பைக் காட்டிலும் பல மடங்கு உயர்ந்தது.

இனிச் சுன்னாகத்துக்கு வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கித் தங்க, அதைக் கிணறு தோண்டி எடுத்துக் குடித்தும், தோட்டங்களுக்கு இறைத்தும் வந்த பெருமை அம்மக்களுக்கு உண்டு. அடி காணமுடியாத ஆழமுடையது என்று பேர்பெற்ற புத்தூர் நிலாவரைக் கிணறு, அந்தப் பாறை எவ்வளவு துளையுடையது என்பதற்குச் சாட்சி. மணலில் மெல்ல ஊர்ந்து செல்லும் நீர், இத்தகைய பாறையில் வாய்க்காலில் ஓடுவதுபோல விரைந்து ஓடக்கூடும். நீர் போகும் வழியெல்லாம் மாசும் போகும். அப்படிப்பட்ட பூமியின்மேல், எண்ணெயை எரித்து மின்சாரம் உண்டாக்கும் நிலையங்கள் சுன்னாகத்தில் இயங்கின. சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் எண்ணெய் மணமும் படலமும் காணப்படுவதாக மக்கள் முறையிட்டார்கள். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை, நிலையத்தைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டர் வட்டத்துக்குள் 150 கிணறுகளைச் சோதித்தபோது, அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெய் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தது. நூற்றுக்கு 73 கிணறுகள்! பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுப்பதற்கு, வாசலில் கிணறு இருக்க, லாரித் தண்ணீருக்காகக் குடத்தோடு காத்து நிற்கும் நிலை ஒரு வளமான தமிழூருக்கு நேர்ந்தது.

இதற்கு அடுத்து நடந்ததுதான் நாம் படிக்கவேண்டிய பாடம். வடமாகாண சபை அமைத்த நிபுணர் குழு, அபாயம் என்று சொல்லத்தக்க மாசு இல்லை என்ற வகையில் அறிக்கை தந்தது. நீர்வழங்கல் சபையின் சோதனை ஒன்றைச் சொல்ல, நிபுணர் குழு வேறொன்றைச் சொல்ல, நடுவில் நின்ற மக்கள் எதைக் குடிப்பது என்று தெரியாமல் வீதியில் இறங்கிப் போராடினார்கள். தெற்கிலங்கையைச் சேர்ந்த சுற்றுச்சூழல் ஆர்வலரான ரவீந்திர காரியவசம் அவர்கள், 2015-ஆம் ஆண்டில், இலங்கையின் உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்காக இதைக் கொண்டுபோனார். தமிழூர்க் கிணற்றுக்காகச் சிங்களவர் ஒருவர் நீதிமன்றத்தின் படியேறினார் என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. நோர்தேர்ன் பவர் நிறுவனத்தின் அனல்மின் நிலையம் நிலத்தையும் நீரையும் மாசுபடுத்தியது என்று நீதிமன்றம் கண்டு, சுன்னாகத்து மக்களுக்கு 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தருமாறு கட்டளையிட்டது; கண்காணிக்கக் கடமைப்பட்ட அரசு அமைப்புகளின் தவறுகளையும் சுட்டிக்காட்டியது. மாசுபடுத்தியவனே அதற்கான விலையைத் தரவேண்டும் என்ற தத்துவம் அங்கே நிலைநாட்டப்பட்டது. ஆயினும் மக்கள் முறையிட்டதற்கும் தீர்ப்புக்கும் இடையே கழிந்த ஆண்டுகளை எந்த நீதிமன்றமும் திருப்பித் தர இயலாது. நிலையம் கட்டப்பட்ட அன்றே அதன் எல்லையில் நான்கு கண்காணிப்புக் கிணறுகள் இறக்கி, ஆண்டுதோறும் சோதித்து, அந்த எண்களை ஊரறிய எழுதி வைத்திருந்தால், ‘முன்பு எப்படி இருந்தது, எப்போது மாறியது’ என்ற கேள்விக்கு அன்றைக்கே விடை கிடைத்திருக்கும். இரண்டு நிபுணர்களின் வாதத்துக்கு நடுவே மக்கள் நிற்க நேர்ந்திராது.

நம் தமிழ்நாட்டிலும் இது நடந்ததே. 2013-ஆம் ஆண்டில் சென்னைத் தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்குழாய்க் கிணறுகளின் தண்ணீரில் எண்ணெய் நாற்றம் வீசியது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியத்தின் சேமிப்பு நிலையத்துக்கு எரிபொருள் கொண்டுசெல்லும் நிலத்தடிக் குழாயில் கசிவு இருந்தது தெரியவந்தது; விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குச் சென்றது; விஞ்ஞானிகள் வந்து மண்ணையும் நீரையும் ஆராய்ந்தார்கள். அங்கேயும் முதலில் கண்டுபிடித்தது யாதொரு கருவியுமன்று; குழாயைத் திறந்த வீட்டுப் பெண்களின் மூக்குதான்.

இந்த ஆராய்ச்சியை எப்படி நடத்துவது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் எப்படி ஆராயவேண்டும் என்று அறிந்த ஊரைத்தான் யாரும் வெறும் காகிதத்தால் சமாதானப்படுத்த முடியாது. காட்சி, கருதல், உரை என்று நம் தத்துவ நூலார் சொன்ன மூன்று அளவைகளும் இங்கே வேண்டும். ஆனால் வரிசை தலைகீழாக, உரையிலிருந்து தொடங்கவேண்டும்.

முதலில், இந்த இடத்தில் எத்தனை டாங்கிகள், எந்த ஆண்டில் புதைத்தவை, எவை மாற்றப்பட்டன, எவை கைவிடப்பட்டு மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன என்று பழைய தொழிலாளர்களையும் அண்டை வீட்டாரையும் கேட்கவேண்டும். பிறகு இருப்புப் புத்தகம். காலைதோறும் டிப் ராடை இறக்கி அளந்த இருப்பையும், டாங்கர் லாரியில் வந்ததையும், பம்பின் மீட்டர் காட்டும் விற்பனையையும் நாள்வாரியாக ஒப்பிட்டால், பிழைகள் ஒருநாள் கூடியும் ஒருநாள் குறைந்தும் ஒன்றையொன்று தின்றுவிடும். கசிவோ ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே போகும். டிப் ராடின் நுனியில் தடவும் நீர் காட்டும் பசை நிறம் மாறினால், வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது என்று பொருள். தண்ணீர் உள்ளே வரும் ஓட்டையில் எண்ணெய் வெளியே போகாது என்று யார் உத்தரவாதம் தரமுடியும்?

அடுத்தது கருதல். மண் மணலா களியா, நீர்மட்டம் எத்தனை அடியில், அது எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, அந்தத் திசையில் யாருடைய கிணறு இருக்கிறது என்று ஓர் அனுமானச் சித்திரம் வரைந்துகொண்டே மண்ணில் கைவைக்கவேண்டும். ஒரு தளத்தைத் தீர்மானிக்கக் குறைந்தது மூன்று புள்ளிகள் வேண்டும் என்பது பள்ளிக் கணிதம். ஆகவே நீர் ஓடும் திசையை அறிய மூன்று கிணறுகளாவது இறக்கி, அவற்றின் வாய்களின் உயரத்தைச் சர்வே செய்து, நீர்மட்டத்தை ஒரே நாளில் அளக்கவேண்டும். அவற்றில் ஒன்று டாங்கிக்கு மேல்திசையில் இருப்பது அவசியம். மாசில்லாத நீர் அந்த இடத்தில் எப்படி இருக்கும் என்பதை அதுதான் சொல்லும்.

காட்சி என்பது துளையிட்டுக் காண்பது. பூமிக்குள் புதைந்த மின்கம்பிகளும் குழாய்களும் எங்கே என்று அறிந்து, ஆவி தீப்பிடிக்காதபடி கருவியால் சோதித்துக்கொண்டே, ஒவ்வோர் ஆழத்திலும் மண்ணை எடுத்துக் காற்றுப் புகாத கலத்தில் அடைக்கவேண்டும். திறந்த பையில் போட்டு வெயிலில் வைத்த மண்ணிலிருந்து பென்சீன் ஆவியாகிப் போய்விடும். பிறகு வரும் ‘மாசு இல்லை’ என்ற அறிக்கை அந்தப் பையைப் பற்றியதேயன்றி அந்த நிலத்தைப் பற்றியதன்று. நீரைக் கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழியும் இல்லாமல் விளிம்பு வரை நிரப்பிப் பனிக்கட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவேண்டும். இவற்றைவிட முக்கியமானது ஒன்று. கண்காணிப்புக் கிணற்றின் சல்லடைக் குழாய் நீர்மட்டத்தின் மேலும் கீழும் பரவியிருக்கவேண்டும். 300 அடி ஆழத்திலிருந்து நீரை எடுத்துச் சோதித்து, எண்ணெய் இல்லை என்று சான்று தருவது, குடத்தின் அடியில் துளையிட்டு நீரை வடித்துப் பார்த்துவிட்டு மேலே மிதக்கும் எண்ணெயைக் காணோம் என்பதற்குச் சமானம். ஆழத்து நீர் நல்லது என்பதும் உண்மையாக இருக்கலாம், மேல்மட்டத்து நீர் கெட்டது என்பதும் உண்மையாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே கேட்காத ஆராய்ச்சி ஆராய்ச்சியாகாது. ஆய்வுக்கூடத்தில், வந்த எண்ணெய் பெட்ரோலா டீசலா, நாட்பட்டதா புதிதா என்பதையும் அதன் கூறுகளைப் பிரித்துப் பார்த்து ஓரளவு சொல்ல முடியும். ஒரே சாலையில் இரண்டு பங்குகள் ஒன்றையொன்று கைகாட்டும்போது இந்தச் சோதனை பேருதவி செய்யும்.

இவ்வளவும் வடலூருக்கு எதற்கு என்று கேட்கலாம். சென்னை – கும்பகோணம் சாலையும் கடலூர் – விருத்தாசலம் சாலையும் குறுக்கிடும் நாற்சந்தி இது. சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் போகும் லாரிகள், பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் ஏற்றிய வண்டிகள், தைப்பூசத்துக்குத் திரளும் லட்சக்கணக்கான அன்பர்களின் பேருந்துகள் அனைத்தும் இங்கே எரிபொருள் நிரப்புகின்றன. நம் காலடியில் இருப்பதோ கடலூர் மணற்கல். மழைநீரை எளிதில் உள்வாங்கும் பூமி. மழையை உள்வாங்கும் மண் எண்ணெயை மட்டும் தடுத்து நிறுத்திவிடாது. மேலும் நம் ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் சுரங்கம் தோண்ட முடியாதாகையால், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இரவும் பகலும் நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். வேறு ஊர்களில் நிலத்தடி நீர் கடலை நோக்கிச் சாயும் என்று பொதுப்படச் சொல்லி ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கிவிடலாம். இங்கே அப்படிச் சொல்வதற்கில்லை. ஆழத்து நீரின் சாய்வை மனிதன் மாற்றி வைத்திருக்கிறான். மேல்மட்டத்து நீர் அதனால் எங்கே எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பது இடத்துக்கு இடம் அளந்து அறியவேண்டியது. மற்ற ஊருக்கு மூன்று கண்காணிப்புக் கிணறு போதுமென்றால் நமக்கு ஆறு வேண்டும் என்பேன். அவற்றை மழைக்கு முன்னும் பின்னும் அளக்கவேண்டும் என்பேன். ஆழ்துளை இடும் கருவிக்கும் நிலநூல் அறிந்தவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. நாட்டிலேயே நிலத்தடி நீரை இவ்வளவு அணுக்கமாக அளந்து பழகிய ஊர்கள் மிகச் சிலவே.

சுத்திகரிப்பதைப் பற்றி விரிவாகப் பேச இன்று நேரமில்லை. மிதக்கும் எண்ணெயை இறைத்தெடுப்பது, மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சுவது, எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குக் காற்றூட்டி வளர்ப்பது என்று பல வழிகள் உண்டு; எல்லாம் ஆண்டுக்கணக்கில் நடப்பவை, பெரும்பொருள் விழுங்குபவை. அமெரிக்காவில் 1984-இல் சட்டம் இயற்றி, 1988-இல் விதிகள் வகுத்து, பழைய டாங்கிகளைத் திருத்தவோ அகற்றவோ 1998 டிசம்பர் வரை தவணை கொடுத்தார்கள். தோண்டத் தொடங்கிய பிறகு அந்நாட்டில் உறுதிசெய்யப்பட்ட கசிவுகள் மட்டும் 5 லட்சத்தைத் தாண்டின. 1996-இல் சாண்டா மோனிகா என்ற கடற்கரை நகரம், பெட்ரோலில் சேர்த்த ஒரு ரசாயனம் கிணறுகளில் கலந்ததால் தன் குடிநீரில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. நாமும் இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கத் தொடங்கியிருக்கிறோம். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எத்தனாலையே முதலில் விரும்பித் தின்பதால், பென்சீன் தின்னப்படாமல் நெடுந்தூரம் பயணம் செய்யக்கூடும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கரும்பு விவசாயிக்கு நன்மை தரும் அந்தத் திட்டத்தை நான் குறைசொல்லவில்லை. அதற்கேற்பக் காவலும் கூடவேண்டும் என்றே சொல்லுகிறேன். புதிய பங்குகள் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் 50 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும், எந்த நிலையிலும் 30 மீட்டருக்குக் குறையலாகாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வழிகாட்டியது நல்ல காரியம். பழையவற்றின் அடியில் இருக்கும் மண்ணை யார் பார்ப்பது?

1867-ஆம் ஆண்டில் இவ்வூரில் வள்ளற்பெருமான் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. வருகின்றவர் யார் என்று கேளாமல் சோறிடுகிறது. அந்த உலைக்கு வேண்டிய நீரும் இந்த மண்ணுக்கு அடியில் உள்ளதே என்பதை நினைத்துக்கொண்டு மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறேன். பங்கு நடத்தும் அன்பர்கள், இருப்புப் புத்தகத்தில் தொடர்ந்து குறை விழுமானால், அதை ஆவியாதல் என்று எழுதி மூடாமல், டாங்கியைச் சோதிக்கும்படி தங்கள் நிறுவனத்துக்கு அன்றே எழுதுங்கள். இல்லத்தில் இருப்பவர்கள், தண்ணீரில் பெட்ரோல் மணமோ வானவில் நிறப் படலமோ கண்டால், அதைக் குடிக்காமலும், அருகில் தீக்குச்சி கிழிக்காமலும், சுத்தமான கண்ணாடிக் குப்பியில் நிரம்பப் பிடித்து மூடி, தேதியையும் கிணற்றின் ஆழத்தையும் எழுதி, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடலூர் மாவட்ட அலுவலகத்துக்கு எழுத்து மூலம் முறையிட்டு, அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். நகராட்சியார், இவ்வூரில் இப்போது இயங்கும் பங்குகளையும், ஒரு காலத்தில் இயங்கி மூடப்பட்ட பங்குகளையும், தனியார் பணிமனைகளிலும் பேருந்துக் கொட்டகைகளிலும் உள்ள டாங்கிகளையும் சேர்த்து ஒரு பட்டியல் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் அருகில் உள்ள குடிநீர்க் கிணறு எத்தனை அடி தூரம் என்று குறித்து, பொதுமக்கள் பார்க்கும் இடத்தில் வைக்கவேண்டும். முதியவர்களின் நினைவு இருக்கும்போதே மூடிய டாங்கிகளைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருப்பதால், அந்த வேலையை வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.